நின்றுகொண்டே காப்பி குடிப்பவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக இருக்கும் காப்பிக் கடைகளைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஒல்லி டயர் போட்ட சைக்கிள்கள் பத்துப் பன்னிரண்டு சுவரில் சாய்ந்திருக்கும். தலையில் கவசமும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டையுமாக ஒரு கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும். பெஞ்சு காலி, நாற்காலிகளும் காலி. ஆனால் யாராவது உட்கார வேண்டுமே! கடைக்காரர் விடாமல் உபசரித்தால், "வேணாம் அண்ணே, இவ்வளவு நேரம் உட்கார்ந்துதானே வந்தோம்!" என்று பதில் வரும்.

பதில் என்னவோ வேடிக்கையாகத்தான் இருக்கிறது. உண்மை என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் சிலருக்கு உட்காரும் இடமே மரத்துப் போயிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சு இருப்பது தெரிவதில்லை. ரத்தம் திரும்பி ஓட ஆரம்பிக்கும்போதோ, ஆயிரம் எறும்புகள் ஊர்வது போல் குறுகுறுக்கிறது. மரம் போல் ஆகிவிடுவதைத் தமிழர்கள் "மரத்துப் போகிறது" என்று சொல்லி வைத்தார்களே, அதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடையாது.

ஆண்கள் இதைத் தங்களுக்குள் பரிகாசமாகவாவது பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். பெண்கள் வாயே திறப்பதில்லை.

சேலையூரில் ஓர் அம்மாள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்திரண்டு. பையன் காலேஜில் சேர்ந்துவிட்டான். டாக்டர், "சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, உடம்பை அசையுங்கள்" என்கிறார். அம்மாளும் ஆசையாக ஒரு கியர் சைக்கிள் வாங்கி, ஒரு குழுவோடு சேர்ந்து, முதல் மாதம் வண்டலூர், இரண்டாம் மாதம் கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் வரை போய் வந்துவிடுகிறார். அன்று வீடு திரும்பியதும் பார்த்தால், சொல்லக் கூசும் இடத்தில் உணர்ச்சியே இல்லை. சாயங்காலம் வரையில் அப்படியே இருக்கிறது. பயந்து போகிறார். யாரிடம் சொல்வது?

"ஏன் ஒரு மாதிரியா இருக்கே?" என்கிறார் கணவர்.

"ஒண்ணும் இல்லீங்க, இடுப்பு வலி."

"நான் அப்பவே சொன்னேனே, இந்த வயசிலே சைக்கிள் எதுக்குன்னு!"

அவ்வளவுதான். மறு வாரத்திலிருந்து அந்தச் சைக்கிள் பால்கனியில் ஈரத் துண்டு உலர்த்தும் கொடியாகிவிடுகிறது. புறநகரில் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்கு மாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் தூசி படிந்து நிற்கும் நல்ல நல்ல சைக்கிள்களைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றில் எத்தனை இந்த "இடுப்பு வலி"யால் நின்று போனவையோ என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

அந்த அம்மாளின் உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. கோளாறு சீட்டில், அதுவும் பெரும்பாலும் ஒரு ஸ்பானரால் தீர்ந்துவிடக்கூடிய கோளாறு.

நாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முண்டுகள். கெட்டியான தரையில் உட்கார்ந்து கையை அடியில் வைத்துப் பார்த்தால் தட்டுப்படும். பாரம் தாங்குவதற்கென்றே அமைந்தவை அவை. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மெத்தென்ற இடம் அப்படி அல்ல. அந்தப் பிரதேசத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் ரத்தக் குழாயும் எலும்பின் உட்புறமாக ஒரு குறுகிய பாதை வழியே வருகின்றன. பெனடிக்ட் அல்ல, பெஞ்சமின் ஆல்காக் என்ற ஐரிஷ் உடற்கூறு நிபுணரின் பெயரால் அதை "ஆல்காக் கால்வாய்" என்பார்கள். நரம்பின் பெயர் "புடெண்டல்". லத்தீனில் அதற்கு "வெட்கப்பட வேண்டியது" என்று பொருள்! பெயர் வைக்கும்போதே வெட்கத்தையும் சேர்த்து வைத்துவிட்டார்கள் பாருங்கள். சேலையூர் அம்மாள் மட்டும் என்ன செய்வார்?

சைக்கிளில் முன்னால் குனியக் குனிய இடுப்பெலும்பும் முன்பக்கமாகச் சாய்கிறது. பாரம் முண்டுகளை விட்டு நகர்ந்து, சீட்டின் மூக்கு போல் நீண்டிருக்கும் முனையில் விழுகிறது. அந்த முனை நேராக அந்த நரம்பையும் ரத்தக் குழாயையும் அழுத்துகிறது. கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கினால் கை மரத்துப் போகிறதல்லவா? அதே கதைதான். அழுத்தம் நீங்கினால் உணர்ச்சி திரும்புகிறது. ஒரு தடவை நேர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வாராவாரம், மணிக்கணக்கில் நேர்ந்தால்தான் நரம்பு கோபித்துக்கொள்ளும்.

"எங்கள் தாத்தா ஆயுசு முழுக்கச் சைக்கிள் மிதித்தாரே, அவருக்கு இதெல்லாம் வரவில்லையே!" என்று கேட்பவர்கள் உண்டு. தாத்தாவின் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஹாண்டில் பார் சீட்டைவிட உயரம். சீட்டு என்றால் அகலமான தோல் சீட்டு. அடியில் இரண்டு பெரிய ஸ்பிரிங்குகள். 1949-ல் தொடங்கி அம்பத்தூரில் சைக்கிள் செய்த டி.ஐ. கம்பெனியின் ஹெர்குலிஸ் ஆகட்டும், வேறு எதுவாகட்டும், அந்த நாள் வண்டியில் ராஜா மாதிரி நிமிர்ந்துதான் உட்கார முடியும். பாரம் முழுவதும் முண்டுகளின் மேல். காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்ற அவசரம் தாத்தாவுக்கு இல்லை. பால்காரருக்கும் தபால்காரருக்கும் பத்து வீட்டுக்கு ஒரு தரம் இறங்கி ஏறும் வேலை வேறு. குரங்குப் பெடல் போட்ட பையன்களைக் கேட்கவே வேண்டாம்; அவர்களுக்குச் சீட்டே எட்டாது!

1991, 92-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்களே, அவர்களில் பலர் ஓட்டியதும் இந்த ஆண்கள் சைக்கிளைத்தான். நடுவே உள்ள பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதை விரும்பியே எடுத்தவர்களும் உண்டாம்.

சீட்டின் கதையும் சுவாரசியமானது. தோல் சீட்டுக்குப் பேர் போன இங்கிலாந்தின் புரூக்ஸ் கம்பெனியைத் தொடங்கியவரின் குதிரை இறந்து போக, அவர் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டினாராம். அதன் மரச் சீட்டு படுத்திய பாட்டில், தோல் சீட்டு செய்து 1882-ல் காப்புரிமை பெற்றார் என்று சொல்வார்கள். 1890-களில் மேல்நாட்டுப் பெண்கள் சைக்கிளில் ஏறியதும் டாக்டர்களும் பாதிரிமார்களும் கூச்சல் போட்டார்கள்: உடம்பு கெடும், ஒழுக்கம் கெடும்! வியாபாரிகள் கூச்சல் போடவில்லை. நடுவில் பள்ளம் வைத்து, பாரம் இரு பக்கமும் விழும்படி "உடற்கூறுச் சீட்டு" செய்து விற்றார்கள். இன்று கடையில் புதுமை என்று காட்டுகிறார்களே, நடுவில் துவாரம் வைத்த சீட்டு, அது நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சீட்டின் பேத்திதான்.

அந்தத் துவாரமும் பள்ளமும் வெறும் வியாபாரத் தந்திரம் அல்லவென்று பின்னால் ஆராய்ச்சிகளும் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து சுற்றும் போலீஸ்காரர்கள் தொண்ணூறு பேருக்கு, மூக்கே இல்லாத சீட்டை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் "எனக்கு மரப்பதில்லை" என்றவர்கள் நூற்றுக்கு 27 பேர். கடைசியில் 82 பேர். இந்த முடிவு 2008-ல் வெளியாயிற்று. பெண்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லையே என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: ஏல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மார்ஷா கெஸ் என்ற பெண் டாக்டர் 2006-ல் அந்தக் குறையைப் போக்கினார். சைக்கிள் ஓட்டும் பெண்களையும் ஓட்டப் பயிற்சி செய்யும் பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், சைக்கிள்காரிகளுக்கு அந்த இடத்தில் உணர்ச்சி மட்டுப்பட்டிருந்தது. ஆனால் தாம்பத்திய வாழ்க்கையில் அதனால் குறை எதுவும் தென்படவில்லை. 2012-ல் வந்த அடுத்த ஆராய்ச்சியில் காரணமும் பிடிபட்டது: ஹாண்டில் பார் சீட்டைவிடத் தாழ்வாக இருந்தால் அழுத்தமும் அதிகம், மரப்பும் அதிகம்.

ஆகவே முதல் வைத்தியம் ஹாண்டில் பாருக்கு. அதைச் சீட்டு உயரத்துக்காவது தூக்கி வைக்கச் சொல்லுங்கள். பந்தயத்துக்கா போகிறோம்? பார்ப்பதற்கு ஸ்டைலாக இல்லை என்று கடைப் பையன் முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது சீட்டின் சாய்வு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைச் சீட்டின் மேல் வைத்துப் பார்க்கலாம். மூக்கு மேல் நோக்கி இருந்தால் அதுவே குற்றவாளி. மட்டமாக, அல்லது ஓர் இழை கீழ் நோக்கி இருக்கட்டும். ரொம்பச் சாய்த்துவிட்டாலும் ஆபத்து: உடம்பு வழுக்கி முன்னே வந்து, பாரமெல்லாம் கையில் இறங்கி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். உயரமும் பார்க்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். எட்டாமல் இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மிதித்தால், அம்மி அரைப்பது போல் சீட்டு நம்மை அரைத்துவிடும்.

இனி சீட்டின் அகலம். பெண்களின் முண்டுகளுக்கு இடையே உள்ள தூரம் பொதுவாக ஆண்களைவிடச் சற்று அதிகம். ஆணுக்கென்று செய்த ஒடுங்கிய சீட்டில் பெண் உட்கார்ந்தால், முண்டுகள் இரண்டும் சீட்டுக்கு வெளியே அந்தரத்தில் நிற்க, பாரம் நடுவிலே விழுகிறது. உங்கள் அளவை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். மளிகைச் சாமான் வந்த நெளி அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, கெட்டியான படிக்கட்டில் வைத்து, அதன் மேல் சற்றே முன்னால் குனிந்து ஒரு நிமிஷம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் விழுந்திருக்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்குத் தையல் டேப்பால் அளந்து, அதைவிட இரண்டு சென்டிமீட்டராவது கூடுதல் அகலமுள்ள சீட்டாகக் கேளுங்கள்.

இந்த இடத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் செய்யும் காரியம் வேறு: "வலிக்கிறதா? இன்னும் மெத்தையா ஒண்ணு போடு!" கடையில் ஜெல்லி அடைத்த உறை வாங்கி மாட்டுகிறார்கள். கையால் அமுக்கிப் பார்த்தால் இலவம் பஞ்சுத் தலையணை மாதிரி சுகமாக இருக்கும். அரை மணிக்குள் முண்டுகள் அதில் புதைந்து, நடுப்பகுதி பிதுங்கி மேலே வந்து, எங்கே அழுத்தக் கூடாதோ அங்கேயே அழுத்தும். மார்க்கெட்டுக்குப் போய் வர அது போதும். மாமல்லபுரம் போக உதவாது. கொஞ்சம் கெட்டியான சீட்டும், உள்ளே மெத்தை தைத்த சைக்கிள் கால்சட்டையுமே தூரத்துக்கு ஏற்றவை. அந்தக் கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை அணிவதில்லை. தையல் உராய்ந்து, நம் ஊர் வேர்வையில் புண்ணாகிவிடும். கூச்சமாக இருந்தால் மேலே சூடிதார் டாப்பைப் போட்டுக்கொள்ளலாம், யார் வேண்டாம் என்றார்கள்? ஒவ்வொரு தடவையும் துவைத்து உலர்த்துவது முக்கியம்.

எல்லாவற்றிலும் சுலபமான வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சீட்டை விட்டு எழுந்து, பெடல் மேல் நின்று அரை நிமிஷம் மிதிக்க வேண்டும். அவ்வளவே. 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சவாரி நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நின்று மிதித்த ஆண்களுக்கு மரப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. சென்னையில் "மெட்ராஸ் ராண்டனர்ஸ்" என்று நெடுந்தூரச் சவாரிக்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் கணக்கில் மிகச் சிறிய சவாரியே 200 கிலோமீட்டர். அதைப் பதின்மூன்றரை மணிக்குள் முடிக்க வேண்டும். 600 கிலோமீட்டருக்கு நாற்பது மணி. பிரான்ஸில் 1891-ல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சவாரியோ 1200 கிலோமீட்டர், அதற்குத் தொண்ணூறு மணி! அடேயப்பா, அவ்வளவு நேரம் சீட்டில் இருப்பவர்களுக்கு எழுந்து நிற்பதும் சாப்பாடு, தண்ணீர் மாதிரி ஒரு கட்டாயம்.

டாக்டரிடம் போக வேண்டிய சமயமும் உண்டு. சீட்டையும் ஹாண்டில் பாரையும் சரி செய்த பிறகும் ஒவ்வொரு சவாரியிலும் மரத்தால், அல்லது இறங்கி ஒரு நாள் ஆகியும் உணர்ச்சி முழுவதும் திரும்பாவிட்டால் காட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அவர்கள் நரம்புகள் ஏற்கனவே நலிந்திருக்கலாம். இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: சைக்கிள் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், அந்த இடம் மரத்துப் போவதோடு கடுமையான முதுகு வலி, கால்களில் பலவீனம், சிறுநீர் பிரியாமை அல்லது தன்னை அறியாமல் பிரிவது ஆகியவை சேர்ந்து வந்தால், அது சீட்டின் குற்றம் அல்ல. முதுகெலும்பின் அடியில் நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி. அன்றைக்கே, அந்த நேரமே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குபவர்களுக்கு ஒரு யோசனை. "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் இடுப்புக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். "சைக்கிள் சீட்டு படுகிற இடம் மரத்துப் போகிறது, இத்தனை மணி நேரம் அப்படியே இருக்கிறது" என்று சொல்லுங்கள். வேறு வார்த்தை எதுவும் தேவையில்லை, அவருக்குப் புரிந்துவிடும்.