வீட்டினுள் வளர்க்கும் சாடிச் செடி

புதிதாக வாங்கிய மணிப்பிளாண்ட் வாடுவதற்கு நீர்க்குறைவைவிட நீர்மிகுதியே பெரும்பாலும் காரணமாகும். மாரிவெள்ளம் தேங்கிய மிளகாய்ப் பாத்தியில் வேர் காற்றின்றி அழுகுவதைக் கமக்காரர் அறிவர். சாடியில் நிகழ்வதும் அதுவே. நிழலில் மண் மெல்லவே காயும். ஆகவே நாள்தோறும் நீரூற்றுதல் வேண்டாம். விரலை ஓர் அங்குலம் மண்ணுள் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருப்பின் மாத்திரம், அடித்துளையால் வடியுமட்டும் ஊற்றுக. துளையில்லாச் சாடி எத்துணை அழகாயினும் உதவாது. யன்னலோர வெளிச்சம் போதும். நண்பகல் வெயில் இலையைக் கருக்கும்.

சாடியின் கீழுள்ள தட்டில் வடியும் நீரை அப்பொழுதே கொட்டிவிடுக. டெங்கு பரப்பும் நுளம்பு அத்தகைய சிறு தேக்கத்திலேயே பெருகும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நீரைக் கொட்டுவதுடன், தட்டை வாரமொருமுறை தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்; ஓரத்தில் ஒட்டிய நுளம்பு முட்டைகள் நீரின்றியும் பல மாதம் உயிருடன் கிடக்கும்.