பந்தெறிவோரை ஆக்கிய ஆசான்

பேஸ்போல் ஆட்டத்தின் வெற்றி பெரிதும் பந்தெறிவோன் கையிலே தங்கியுள்ளது. நாம் நன்கறிந்த கிரிக்கெற்றிற் பந்து பெரும்பாலும் நிலத்திற் பட்டெழும். அங்கோ 60 அடி 6 அங்குலத் தொலைவை நிலந்தொடாது கடத்தல் வேண்டும். ஆகவே விரற்பிடியும் சுழற்சியும் வேகமாற்றமுமே எறிவோனுக்குக் கருவிகளாம்.

இக்கலையை நன்குணர்ந்தவர் ஸ்கிப் பேட்மன். உயர்நிலைப் பள்ளியொன்றிற் பயிற்றுவித்து, பின்னர் மயாமிப் பல்கலைக்கழகத்திலே றொன் பிறேசருக்குத் துணைவராயிருந்து, 1984இல் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். அமெரிக்க உதைபந்தாட்டத்தையே உயிராகப் போற்றிய இடம் அது. எனினும் 1986இலே அவரது அணி முதன்முறையாகக் கல்லூரி உலகத் தொடரை எட்டியது. 1991, 1993, 1996, 1997, 2000 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது.

எப்பந்தை எறிவதென்பதை ஓரத்திலிருந்து அவரே சைகையாற் பணித்தார். இது மாணவனின் சிந்தனையைப் பறிக்குமென்பார் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அனைவருக்கும் பழகிய வழக்கே இது. ஆயினும் துடுப்பாளனின் பழக்கம், ஆட்டநிலை என்பவற்றையெல்லாம் பதினெட்டு வயதினன் நொடிப்பொழுதில் எடைபோடுதல் அரிது. அச்சுமையை ஆசான் ஏற்றமையால், எறிவோன் தன் எறிதலிலேயே மனத்தை நிறுத்த முடிந்தது. அவரிடம் பயின்ற பென் மக்டொனல்ட், 1989இல் தொழில்முறைக் கழகங்களின் தெரிவிலே நாட்டின் முதல்வனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

1996 இறுதியாட்டத்தில் எதிர்நின்றது, அவர் முன்பு பணிபுரிந்த மயாமியே. கடைசி ஆட்டக்காரனும் வீழ்ந்தால் தோல்வியென்ற நிலையில், கையெலும்பு முறிந்து பருவத்தின் பெரும்பகுதியை இழந்திருந்த வொறன் மொறிஸ் பந்தை எல்லைக்கப்பால் அடித்தான். முடிவு 9–8. பேட்மன் 2001இற் பயிற்றுநர் பதவியை விட்டார். 2013இல் ஆடுகளத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.