பாண்டுப் கூரையை வந்தடையும் வெயில்

மார்ச் பிறந்துவிட்டால் பாண்டுப் மேற்கின் மலைச்சரிவுக் குடியிருப்புகளில் நண்பகலில் வீட்டுக்குள் தங்குவது கடினம். தகரக் கூரை காய்ந்து, கீழே உள்ளோர் வாசல் நிழலைத் தேடுகின்றனர். அதே வேளையில், சாலையோர அடுக்ககச் சங்கங்களின் நிர்வாகிகள் நம் வங்கியை அணுகி, கூரைச் சூரிய மின்தகடுகளுக்கான கடன் குறித்து வினவுகின்றனர். வெயில் ஒன்றே, ஒருவர்க்கு அது வருவாய், மற்றவர்க்கு வாட்டம். அது நம் கூரையை எவ்வாறு வந்தடைகிறது என அறிந்தால் இருவரின் கணக்கும் தெளிவாகும்.

வணிகவியல் பயின்ற நமக்கு இதுவும் வரவு செலவாகவே தோன்றுகிறது. இரவு, பகல், துருவம், நடுக்கோடு அனைத்தையும் சராசரியாக்கினால், வளிமண்டலத்தின் உச்சியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 340 வாட் ஆற்றல் வரவாகிறது. மேகமும் தூசியும் பனிப்பரப்பும் 100 வாட்டைத் திருப்பி அனுப்புகின்றன. 80 வாட்டைக் காற்றும் மேகமும் உறிஞ்சுகின்றன. நிலத்தையும் கடலையும் சேர்வது 160 வாட் மட்டுமே.

வியப்பு அதன் பின்னர்தான். சூடேறிய நிலம் வெளிவிடும் வெப்பத்தை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் ஆகியன பிடித்து மீண்டும் கீழே அனுப்புகின்றன. இவ்வாறு திரும்புவது வெயிலாக நிலம் பெறுவதைப் போல் இரு மடங்கிற்கும் மேல்! இப்போர்வை இல்லையேல் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 18 டிகிரியாக இருந்திருக்கும். போர்வை வேண்டும், அது தடிப்பதே தொல்லை. கடலோரக் காற்றில் நீராவி மிகுதியாதலால், மும்பையில் கதிரவன் மறைந்த பின்னும் புழுக்கம் தணிவதில்லை. கிழக்கிலிருந்து வரும் நிலக்காற்று கடற்காற்றைத் தாமதப்படுத்தும் நாள்களில் பகல் இன்னும் கொடிது. சாந்தாக்ரூஸில் 1952 ஏப்ரல் 14 அன்று 42.2 டிகிரி பதிவாயிற்று.

இப்போர்வையை ஆராய்ந்தோருள் ஒரு தமிழர் முதன்மையானவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களும் வெப்பத்தைச் சிறைப்பிடிப்பதை 1975இல் நிறுவினார். இளமையில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதன நிறுவனத்தில் அதே வாயு கசிவதைத் தடுக்கும் பணியில் இருந்தவர் அவர் என்பது சுவையான செய்தி. பின்னர் 1999இல், பால் குருட்சனுடன் அவர் தலைமையேற்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வு, அரபிக் கடல்மீதும் பரவிக் கிடந்த பழுப்புப் புகைமூட்டத்தை உலகுக்குக் காட்டியது. விறகும் டீசலும் நிலக்கரியும் எரிவதால் எழும் கரித்துகள் அதிலுள்ளது. அது வெயிலை நடுவானிலேயே உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. தரையை அடையும் ஒளியோ குறைகிறது. குளிர்காலக் காலைகளில் பாண்டுப்பின் கிழக்கே உப்பளங்களின்மேல் படரும் மங்கலில் புகைக்கும் பங்குண்டு.

எனவே, மின்தகட்டின் வருவாயை மதிப்பிடும் சங்கங்கள் விளம்பரத் தாளிலுள்ள எண்ணை அப்படியே ஏற்கலாகாது. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் அதனை வெகுவாகக் குறைக்கும். தகடு சூடேறினால் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு திறன் குறையும். தகட்டில் தூசி படிந்தாலும் அப்படியே. தவணையை மே மாத உற்பத்தியைக் கொண்டன்றி, ஆண்டு முழுவதன் உற்பத்தியைக் கொண்டே கணக்கிடுதல் நன்று.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடொன்றுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் 78,000 ரூபாயும் மானியம் உண்டு. வீட்டுவசதிச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆனால் தகுதி பெறச் சொந்தக் கூரை வேண்டும். சரிவில் வாழ்வோர் பலர்க்கு அது இல்லை. வெயில் மிகுதியாகத் தாக்கும் கூரைகளையே திட்டம் எட்டாதிருப்பது நமக்கு உடன்பாடன்று.

அவர்கள் இன்றே செய்யக்கூடியது, கூரைக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது. துருவேறிய தகரம் வெயிலின் பெரும்பகுதியை விழுங்கும். வெண்மை அதனை வானுக்கே அனுப்பும். சுண்ணாம்பு ஒரு மழையில் கரைந்துவிடும் என்பதால் தகரத்திற்கென விற்கப்படும் பூச்சே ஏற்றது. துருவைச் சுரண்டி, பிப்ரவரியில் ஓர் உலர்ந்த நாளில் இருமுறை பூசவேண்டும். ஓராண்டில் தூசி படிந்து வெண்மை மங்கும். அடுத்த கோடைக்கு முன் கழுவித் துடைப்பது அவசியம்.