மரத்தளம் போடுமுன் கணக்குப் பார்ப்போம்

நம் வணிகர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே குடியிருப்பு. பழைய கட்டடமானால் மாடியில் பலகைத் தளம் இருக்கும். புது வீடு கட்டுகிறவர்களும் ஓர் அறைக்காவது மரத்தளம் வேண்டும் என்கிறார்கள். இரண்டிலும் கைப்பணம் வீணாகாமலும், கடைக்கு ஆபத்து நேராமலும் இருக்கச் சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது.

எது மரம்?

மரத்தளம் என்ற பெயரில் மூன்று வகைச் சரக்கு விற்கிறது. முழுப் பலகை ஒன்று. மேலே சில மில்லிமீட்டர் நல்ல மரமும் அடியில் பிளைவுட் அடுக்குகளும் கொண்டது மற்றொன்று. மூன்றாவது லேமினேட்: அழுத்திய மரத்தூள் அட்டையின் மேல் மரம் போல் அச்சிட்ட தாள். முழுப் பலகையைப் பலமுறை தேய்த்துப் புதுப்பிக்கலாம். இரண்டாவது வகையை, மேல் மரம் 3 மி.மீ. இருந்தால் ஓரிரு முறை தேய்க்கலாம். லேமினேட்டைத் தேய்க்கவே முடியாது. ரசீதில் எந்த வகை என்று எழுதி வாங்குவோம்.

அளவு

10 அடிக்கு 12 அடி அறை 120 சதுர அடி. மரவாடியில் ஒரு அங்குலப் பலகையாக அறுத்து, இழைத்தபின் முக்கால் அங்குலம் நிற்கும். கணக்கு ஒரு அங்குலத்துக்கே. 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10 கன அடி. சேதாரம் நூற்றுக்குப் பத்து சேர்த்தால் 11 கன அடி. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசினால் ஏமாற்றம் இல்லை.

ஈரம்

மிளகாயையும் பருப்பையும் கையில் அள்ளி ஈரம் பார்க்கும் நாம், மரத்திலும் அதையே பார்க்க வேண்டும். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் உப்பும். காய்ந்தால் சுருங்கி இடுக்கு விடும். பலகையைப் போடவேண்டிய அறையிலேயே சில நாள் அடுக்கி வைக்க வேண்டும். சுவரோரம் அரை அங்குலம் விட்டு, ஸ்கர்டிங்கால் மறைக்க வேண்டும்.

கீழே கான்கிரீட் தளமானால், ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுவோம். அடியில் நீர் முத்துக் கட்டினாலோ, தளம் கறுத்தாலோ இன்னும் காயவில்லை. கரையான் மருந்தும் பலகை போடும் முன்பே அடிக்க வேண்டும்.

பழைய தளம்

சில துளி நீர் விட்டுப் பார்ப்போம். நீர் முத்தாக நின்றால் பழைய பூச்சு உயிரோடு இருக்கிறது. லேசாகத் தேய்த்து மேல்பூச்சு கொடுத்தாலே போதும். நீர் ஊறி மரம் கறுத்தால்தான் முழுத் தேய்ப்பு. ஆணித் தலைகளை உள்ளே இறக்கிவிட்டு 40 எண் உப்புத்தாளில் தொடங்கி, 60, 80 என ஏறி, 100 அல்லது 120-ல் முடிக்க வேண்டும். ரேகை ஓடும் திசையில் தேய்க்க வேண்டும். இடையில் ஒரு எண்ணைத் தாண்டினால், பாலிஷ் போட்டபின் கீறல் தெரியும்.

எண்ணெய்த் துணி

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பாலிஷ் வேலைக்குப் பயன்படும் ஆளிவிதை எண்ணெய் தேங்காய் எண்ணெய் போன்றதல்ல. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் காயும். காயும்போது சூடு கிளம்பும். விரித்த துணியில் சூடு போய்விடும். சுருட்டிப் போட்ட துணியில் தங்கி, நெருப்புப் பொறி எதுவும் இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991 பிப்ரவரி 23 அன்று, 38 மாடிக் கட்டடம் ஒன்றில் மர வேலைக்குப் பயன்படுத்திய இத்தகைய துணிகளால் 22-ஆம் மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் இருந்த 30-ஆம் மாடியில்தான் தீ நின்றது.

நமக்கோ கீழே சணல் சாக்கு, அட்டைப் பெட்டி, எண்ணெய் டின். எனவே, வேலை முடிந்ததும் துணிகளைத் திறந்தவெளியில் தனித்தனியே விரித்துக் காயவைக்க வேண்டும். அல்லது நீர் நிரப்பிய தகர டின்னில் அமுக்கி மூட வேண்டும். தேய்த்த மரத்தூள் மூட்டையையும் இரவில் கட்டடத்துள் வைக்கக் கூடாது. வார்னிஷ் காயும் வரை அங்கே அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி வேண்டாம்.

ஆசாரி மாலையில் போய்விடுவார். ஷட்டரை இறக்கும் முன் மாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வருவது நம் பொறுப்பு.