பாட்டி போட்ட கையெழுத்து

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். நெகிரி செம்பிலான், ரந்தாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் உளி பிடித்தவர். அம்மாவும் அப்பாவும் செனவாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்ததால், லயத்து வீட்டில் என்னை வளர்த்தவர் அவர்தான்.

விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு எரியும். எனக்குப் பசியாறை செய்து மூடி வைத்துவிட்டு, வரக்கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போவார். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஒரு நாளைக்கு நானூறு மரங்களுக்கு மேல். உளி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் வராது. பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் தூக்கி வருவார். ஒட்டுப்பாலுக்குக் கிடைக்கும் சில்லறை மட்டும் மைலோ டின்னுக்குள் போகும். என் பள்ளிப் புத்தகங்கள் அந்த டின்னிலிருந்து வந்தவை.

பாட்டி பள்ளிக்குப் போனதில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அவர் தோட்டத்திலும் பள்ளி இருந்தது. ஆனால் 1943இல், பாட்டிக்கு ஐந்து வயதானபோது, அவருடைய அப்பாவை ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்குப் போன பல்லாயிரம் தமிழர்களைப் போல அவரும் திரும்பவில்லை. அம்மா மரம் வெட்டப் போக, தம்பியைத் தூக்கி வளர்ப்பது பாட்டியின் வேலையாயிற்று.

1991. நான் நான்காம் ஆண்டில் படித்தேன். என் தேர்ச்சி அறிக்கையில் பாட்டி கைநாட்டு வைப்பார். அந்த நீல மையைப் பார்த்து வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அடுத்த தவணையில் நானே ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

"இந்தத் தடவ மை கேக்கலையே, கண்ணு?" என்று பாட்டி ஒருநாள் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் பென்சில் பெட்டியைக் கொண்டுவந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"எம் பேர எழுதக் கத்துக்குடு."

மூன்றெழுத்துப் பெயர்தான். பழக ஒரு மாதம் பிடித்தது. இருட்டில் மரப்பட்டையை மெல்லிசாகச் சீவுகிற அந்தக் கை, பென்சிலைப் பிடித்தபோது நடுங்கியது. ஆண்டு இறுதி அறிக்கையில் அவரே கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தது. அந்த அறிக்கையை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

பாட்டி இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே இரண்டு தாள்கள் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொடங்கிய சங்கம் அது. அதில் பாட்டியின் கைநாட்டு இருந்தது. மற்றொன்று, என் நான்காம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கை.

எங்கள் லயம் இன்று இல்லை. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. லின்சம், சுங்காலா போன்ற தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் தாங்கி நிற்கின்றன. அங்கே உழைத்தவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குப் பெரட்டு, பள்ளிக்குப் போக முடிந்ததா என்று இந்த வாரம் கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கடைசிப் பக்கத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கைநாட்டு என்றாலும் சரிதான்.