ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா?

மார்ச் பிறந்தால் சென்னையில் எனக்குக் கூட்டம் கூடிவிடும். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சும்மா கிடந்த ஏசியை, வெயில் உறைக்கும் முதல் ராத்திரி தட்டிவிடுவார்கள். மறுவாரம் என் அறை வாசலில் ஒரே தும்மல். "ஏசி ஒத்துக்கல டாக்டர்" என்பார்கள்.

போன வாரம் ஒரு அம்மா ஒன்பது வயதுப் பையனோடு வந்தார். "ரெண்டு நாளாத்தான் சளி" என்றார். பையனின் மூக்குத்தண்டில் குறுக்கே ஒரு கோடு. உள்ளங்கையால் மூக்கை மேலே தேய்த்துத் தேய்த்து விழும் கோடு அது. ரெண்டு நாளில் விழாது, நாள்பட்ட ஒவ்வாமையின் அடையாளம். வீட்டு ஏசி ஃபில்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சாயங்காலம் வந்த படத்தில் வலையே தெரியவில்லை, சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தது. டார்ச் அடித்து எடுத்த இன்னொரு படத்தில் ப்ளோயர் உருளை முழுக்கக் கரும்புள்ளி. பூஞ்சை.

‘கதவை மூடிட்டா தூசி எங்கிருந்து வரும்?’

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்துத் திரும்ப ஊதுகிறது. ஃபில்டர் வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும். ஓடும்போது கூலிங் காயிலில் நீர் கோத்துக்கொள்ளும். நிறுத்தியதும் ஈரமும் இருட்டும் சேர, பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் ஏது? போட்டதும் ஊறின சாக்கு மாதிரி ஒரு வாடை வருகிறதே, அது "புது ஏசி வாசம்" இல்லை.

தூசி உண்ணி வேறு. கண்ணுக்குத் தெரியாது; மெத்தையிலும் தலையணையிலும் நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். ஏசி ஈரத்தைக் குறைப்பதால் உண்ணியும் குறையும். ஆக, சுத்தமான ஏசி ஒவ்வாமைக்காரருக்கு நல்லதுதான் செய்யும். பாவம், பழி மட்டும் அதன் மேல்.

16 டிகிரியில் வைத்துவிட்டு ரெண்டு கம்பளி போர்த்துபவர்களை என்ன சொல்ல? சில்லென்ற வறண்ட காற்று முகத்தில் அடித்தால் ஒவ்வாமை இல்லாத மூக்கும் ஒழுகும். 2020 ஜனவரி முதல் இங்கே விற்கும் ஏசிகள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கொண்டுவந்தார்கள். மூக்குக்கும் அதுவே போதும்.

புகையும் எண்ணெயும்

சளிக்குச் சாம்பிராணி போட்டு, கொசுவர்த்தியும் ஏற்றி, கதவைச் சாத்தி ஏசி போடும் வீடுகள் உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஆய்வு சொன்னது. அதே காற்றைத்தான் விடிய விடியச் சுற்றவிடுகிறீர்கள்.

கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பாட்டிகளிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். கற்பூரம் சேர்ந்த தைலத்தைக் குழந்தைக்குத் தடவினால் வலிப்புகூட வரலாம். "எங்களுக்கெல்லாம் அப்படித்தான் செஞ்சாங்க" என்பது பதில் ஆகாது.

சட்டைப்பையில் சொட்டு மருந்து

மூக்கடைப்புக்கு மெடிக்கலில் வாங்கும் சொட்டு மருந்து அஞ்சு நிமிஷத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஐந்து நாளைத் தாண்டி விட்டால், மருந்தாலேயே மூக்கு அடைக்கும். ஒருவர் நாலு வருஷமாகச் சட்டைப்பையில் அந்தக் குப்பியோடு அலைந்தார். நான் எழுதிய ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை மட்டும் "பழகிடும் டாக்டர்" என்று மறுத்தார்! பழகியது எது என்று அவரே யோசிக்கட்டும். அந்த ஸ்ப்ரே வேலை செய்யச் சில நாள் ஆகும். நாலாம் நாள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று மான்டிலூகாஸ்ட் மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரலாம் என்று 2020இல் அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை போட்ட மருந்து அது. ஆன்டிபயாடிக் ஒவ்வாமையைத் தொடவே தொடாது.

தேவைப்பட்டால் தோல் பரிசோதனை, மூச்சு ஊதும் பரிசோதனை. அவ்வளவுதான்.

கெஞ்சிக் கேட்கிறேன்

ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். கோடைக்கு முன்னால் ஆளைக் கூப்பிட்டு ப்ளோயர்வரை கழுவச் சொல்லுங்கள். கேஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் போனால் காசு தராதீர்கள். நிறுத்தும் முன் கால் மணி நேரம் ஃபேன் மோடில் ஓடட்டும். வாரம் ஒருமுறை படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். காலையில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், ப்ளீஸ்.

ராத்திரி இருமல் வாரக்கணக்கில் நிற்கவில்லை என்றால் ஆஸ்துமாவாக இருக்கலாம், வந்து காட்டுங்கள். மூச்சு இழுக்கையில் குழந்தையின் விலா இடுக்கு உள்ளே போகிறதா? விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

அந்தப் பையனின் அம்மா நேற்று மறுபடி படம் அனுப்பினார். ஃபில்டர் பளிச்சென்று இருந்தது. கீழே ஒரு வரி: "அவங்கப்பா மட்டும் இன்னும் 18லதான் வெக்கிறார் டாக்டர்." அடுத்த முறை அப்பாவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.