குழந்தை மூளையும் இருமொழியும்

பாட்டி தமிழில் கொஞ்ச, பெற்றோர் ஆங்கிலத்தில் பேச, இடையே வளரும் குழந்தை குழம்பிவிடாதா? கிளமெண்டி அடுக்குமாடி வீடுகளிலும் எழும் இவ்வச்சம், தமிழைத் தொட்டிலிலிருந்தே விலக்கிவிடக் கூடும். அறிவியல் கூறுவது யாது?

கிளமெண்டிச் சாலையை ஒட்டியமைந்த சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் லெஹர் சிங்கும் குழுவினரும், ஆறு மாதக் குழந்தைகள் 114 பேரை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டனர். கரடி அல்லது ஓநாயின் படத்தைக் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினர். இருமொழி கேட்டு வளர்வோர் பழகிய படத்தில் விரைவில் சலிப்புற்றனர். புதிய படத்தைக் கூர்ந்து நோக்கினர். கண்டதை விரைந்து மனத்திற் பதித்துப் புதியதை நாடும் இவ்வியல்பு, பிற்கால அறிவுத்திறனோடு தொடர்புடையது என்பர் உளவியலார்.

முதுமையில் எவ்வாறு? ஐதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடி குழுவினர், மறதிநோயாளர் 648 பேரை ஆராய்ந்து 2013இல் எழுதினர். இருமொழியாளருக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தியே தோன்றியிருந்தது. எழுத்தறியாதவரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டமையால், இது பள்ளிக் கல்வியின் பயன் மட்டுமன்று.

எல்லா ஆய்வுகளும் இவ்வாறே முடிந்தில. இருமொழி எவ்வளவு நன்மை தரும் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் குழந்தை குழம்பும் என்னும் அச்சத்திற்கு இவற்றில் இடமில்லை.

சிங்கப்பூரில் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. ஆதலின் தமிழாசிரியர்கள் பெற்றோர்க்கு இதனை எடுத்துரைத்தல் நலம்: பாட்டியின் தமிழைத் தடுக்க வேண்டா. பள்ளி வளர்க்கும் மொழிக்கு அதுவன்றோ வித்து!